முதல் வண்டியை முந்தக் கூடாது

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போடுகிறாயா, இல்லை வழக்கம்போல டப்பாவில் பத்திரமாகச் சேர்த்து வைக்கிறாயா?

எனக்கு மாற்றல் வந்துவிட்டது. மலைக்கு மேலே ஏரிக்கரையில் புதிதாக ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள். அங்கே எக்ஸ்ரே பிரிவைத் தொடங்கி நடத்த என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். வருஷக் கடைசியில் போய்ச் சேர வேண்டும். நல்ல வேலை, நல்ல வீடு, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். ஒரே ஒரு சங்கடம். அந்த ஊருக்கு ரயில் கிடையாது, சாலை மட்டும்தான்.

இதைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும். அப்பா போன பிறகு நீ ஒரு காரில் ஏறவில்லை, ஒரு பஸ்ஸில் ஏறவில்லை. ரயிலும் உன் இரண்டு காலும்தான். இங்கே வர ரயில் இருந்தது, சமாளித்தோம். அங்கே எனக்குப் பதிலாக வேலை பார்க்க ஆள் கிடையாது, வருஷத்துக்கு ஒரு தடவை லீவு கிடைத்தாலே பெரிய விஷயம். நீ வண்டியில் ஏறாவிட்டால் நாம் ஒருவரை ஒருவர் பார்ப்பது அந்த ஒரு தடவைதான். இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். திட்டாதே. கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பழைய கார் ஒன்றும் வாங்கிவிட்டேன். பால் நிறம், உருண்டை முதுகு. ஏற்றத்தில் அதைத் தாண்டிப் போகிற சைக்கிள்காரர்கள், "ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்திலும் சேர்ந்திருக்கிறேன். செயலாளர் ஒரு பல் டாக்டர். வருஷா வருஷம் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரிசையாகக் கிளம்பி, மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவார்கள். வண்டிக்கு இரண்டு பேர். என் வண்டியில் பக்கத்து சீட் காலியாக இருக்கிறது. நீ வா அம்மா. ஒரே ஒரு நாள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் பம்பரம்

பிப்ரவரி 20

அன்புள்ள பம்பரத்துக்கு,

சுகமா? இங்கே நான் சுகம். முழங்கால் முழங்கால் மாதிரி இருக்கிறது.

இந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். ஒரு நீதிபதி, ஒரு பிரசவ டாக்டர், ஒரு காது கேட்காத தையல்காரர், எல்லோரும் என் கையால் குட்டு வாங்கித்தான் கிளட்ச் மிதித்தார்கள். பெற்ற பிள்ளை மட்டும் முதல் நாளே, "நீ கத்துற, எனக்கு வேணாம்" என்று நடு ரோட்டில் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனது. இப்போது யாரிடமோ போய்க் கற்றுக்கொண்டு வந்து நிற்கிறாய். யார் அந்த மகான்? வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கச் சொன்னானா, வளைவில் போய்ப் பிடிக்கச் சொன்னானா? முதலில் இதற்குப் பதில் எழுது.

மாற்றல் கிடைத்தது சந்தோஷம். ஏரிக்கரையில் குளிர் அதிகமாக இருக்கும், கம்பளி வாங்கிக்கொள்.

செப்டம்பரில் எனக்கு வேறு வேலை இருக்கிறது, வர முடியாது.

ஆசிகளுடன்,
அம்மா

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குட்டும் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

வளைவுக்கு முன்னால்தான் பிரேக். சொல்லிக்கொடுத்தவர் மகான் இல்லை, உன்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர். இங்கே வந்து சொந்தமாகப் பள்ளி வைத்திருக்கிறார். உன்னைப் போலவேதான் கத்துகிறார். ஆக, சுற்றிச் சுற்றி உன்னிடமே வந்து மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரியிலேயே உனக்கு செப்டம்பரில் வேலை வந்துவிட்டது. அது என்ன வேலை என்று கேட்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஏன் அம்மா வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாய்? கேட்டால் முழங்கால் என்கிறாய். முழங்காலை வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்து போய்வருகிறாய். அன்றைக்கு நீயும் அப்பாவும் அத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்தீர்கள். வாசலில் நீ வண்டியை நிறுத்தியதும் இறங்கப்போன அப்பா சாய்ந்துவிட்டார் என்று சொன்னாய். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. வழியில் ஏதாவது நடந்ததா? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லலாம்.

உன்,
பம்பரம்

ஏப்ரல் 17

அன்புள்ள பம்பரத்துக்கு,

சுகம். நீ சுகமா? தாமதத்துக்குக் காரணம் சமையலறைக் குழாய். ஒழுகுகிறது என்று ஒருவனைக் கூப்பிட்டேன். அவன் வந்து ஒரு தட்டுத் தட்டினான், ஒழுகலுக்குப் பதில் பீறிட ஆரம்பித்தது. ஈரத்தில் பாத்திர அலமாரிக் கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது. தச்சரை வரச் சொன்னேன். அவர் கதவைப் பார்த்துவிட்டு, "இது குழாய்க்காரன் பண்ண வேலைம்மா" என்றார். குழாய்க்காரன் கதவைப் பார்த்துவிட்டு, "மரம் சரியில்லீங்க" என்றான். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வரவழைத்து நடுவில் நின்றுகொண்டேன். இப்போது குழாயும் ஒழுகவில்லை, கதவும் மூடுகிறது.

மேல் வீட்டு அம்மாள் பேத்தி பிறந்ததற்காகக் கேக் கொடுத்தனுப்பினாள். இனிப்பு போதாது.

உன் போன கடிதத்தில் இரண்டாம் பக்கம் மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. ஏதோ கேட்டிருந்தாய் போலிருக்கிறது. முக்கியமாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

மே 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். நனைந்துபோன பக்கத்தில் முக்கியமாக ஒன்றும் இல்லை. நீ விட்டுவிட்டது சரிதான்.

சங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேள். மற்ற சங்கங்களில் வேகமான வண்டி முன்னால் போகும், மற்றவை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடும். இங்கே நேர்மாறு. இருப்பதிலேயே மெதுவான வண்டி எதுவோ அதுதான் முதலில் போக வேண்டும். அதை யாரும் முந்தக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. அது நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். போன வருஷம் ஒரு புது ஆள் முந்தப் பார்த்தாராம். பல் டாக்டர் இறங்கிப் போய், "முந்தறதுக்கு வேற ரோடு இருக்கு, வேற நாளும் இருக்கு. இன்னிக்கு நாம பார்க்க வந்திருக்கோம்" என்றாராம்.

போன வாரம் மெதுவான வண்டி எது என்று பரீட்சை வைத்தார்கள். உன் மகன்தான் முதல். கைதட்டினார்கள் அம்மா! பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவர் சாலையைப் பார்ப்பாரே தவிர காட்சியைப் பார்க்க முடியாது, இல்லையா? அதனால் மதியம் சாப்பிட்ட பிறகு எல்லா வண்டியிலும் ஆள் மாற வேண்டும். காலையில் ஓட்டியவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். உனக்காகப் பல் டாக்டரிடம் பேசினேன். "அம்மா இஷ்டம். அவங்க வந்து உட்கார்ந்தாலே போதும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் அதேதான். உட்கார்ந்தாலே போதும்.

உன்,
பம்பரம்

ஜூன் 14

அன்புள்ள பம்பரத்துக்கு,

சுகமா இருக்கிறாயா? ஆஸ்பத்திரியில் இன்னும் ராத்திரி வேலை போடுகிறார்களா? உன் வயதில் தூக்கம் கெட்டால் முடி கொட்டும். உங்கள் அப்பா வழியில் ஏற்கெனவே முடி நிற்காது.

என் பள்ளியை எடுத்து நடத்துகிறானே தாடிக்காரன், அவனைப் பார்க்கப் போனேன். வேறு ஒன்றும் இல்லை, என் குடை அங்கே இருக்கும் என்று ஒரு நினைப்பு. குடை இல்லை. வந்தது வந்தோம் என்று கொட்டகையில் நின்ற வண்டியில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன். எஞ்சின் ஓடவில்லை, கதவும் திறந்துதான் இருந்தது, ஒரு கால் வெளியில்தான் இருந்தது. சீட் உறை கிழிந்து பஞ்சு தெரிகிறது. கண்ணாடியில் விரல் அடையாளம். "இதுதான் நீ வண்டி வச்சிருக்கிற லட்சணமா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். அப்புறம் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டான். நல்ல பையன்.

மறுவாரமும் போனேன். குடையை இன்னொரு முறை தேடலாமே என்று. அன்றைக்குக் கதவை மூடிப் பார்த்தேன். பூட்டு சரியாகப் பிடிக்கிறது.

அதோடு வந்துவிட்டேன். வியர்த்துவிட்டது. கொட்டகைக்கு ஜன்னலே இல்லை, காற்று எங்கிருந்து வரும்?

அம்மா

ஜூன் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மூன்று தடவை படித்தேன். எக்ஸ்ரேவுக்கு வந்த கிழவர், "வீட்டுல நல்ல சேதியா தம்பி?" என்று கேட்டார். "எங்கம்மா கதவை மூடிட்டாங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

குடை கிடைக்கும்வரை தேடு. அவசரம் இல்லை.

உன்,
பம்பரம்

ஆகஸ்ட் 5

அன்புள்ள பம்பரத்துக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன்.

தாடிக்காரன் போன வாரம் எஞ்சினைப் போட்டான். இந்த வாரம் தெருமுனை வரை போய்த் திரும்பினான். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒரே தூசி. இறங்கியதும் அவன், "அம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு செம்பு குடித்தேன்.

செப்டம்பருக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை மாலை வந்து சேருவேன். ஸ்டேஷனிலிருந்து உன் வீட்டுக்கு நடந்தே போகலாம், பெட்டி சின்னதுதான். ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்தில் உட்காருவேன். அவ்வளவுதான். ஓட்டு என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. அப்பாவைப் பற்றிப் பேச்சு எடுக்கக் கூடாது. நடுவழியில் இறக்கிவிடு என்று நான் சொன்னால் ஏன் என்று கேட்காமல் இறக்கிவிட வேண்டும். சம்மதம் என்றால் ஒரு வரி எழுது. இல்லையென்றால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

அம்மா

ஆகஸ்ட் 12

அம்மா,

சம்மதம்.

பம்பரம்

செப்டம்பர் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாயா? முதுகு வலி ஒன்றும் இல்லையே? எனக்கு இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முழுதாக வெளியே வர முடியவில்லை. எக்ஸ்ரே மேடையில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

காலை முழுக்க நீ கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தாய். "வெயில் கூசுதுடா" என்றாய். வெயிலே கிடையாது அம்மா, மூடுபனி. கதவுக் கைப்பிடியைப் பிடித்த கையை நீ எடுக்கவே இல்லை. நீ பார்க்காமல் விட்டதை எல்லாம் நான் எழுதுகிறேன், இப்போது பார்த்துக்கொள்.

ஊர் எல்லை தாண்டியதும் சாலை பனிக்குள் போய்விட்டது. எனக்கு முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரிசையாக விளக்குகள், மஞ்சள் மஞ்சளாக, ஒன்றுக்குப் பின் ஒன்று மெல்ல ஆடிக்கொண்டே வருகின்றன. அடுத்து வந்தது பேக்கரிக்காரர் வேன். ஒவ்வொரு வளைவிலும் காற்று திரும்பும்போது புது ரொட்டி வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அது மட்டும் உனக்கும் தெரிந்திருக்கும், மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினாய்.

அப்புறம் மரங்கள் வந்தன. பனியில் மரத்தின் அடிப்பாகம் தெரியவில்லை. உச்சிக் கிளைகள் மட்டும் தனியாக மிதந்துகொண்டு நின்றன. ஒரு வீடு வந்தது. அதன் மாடி ஜன்னலில் ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நம் வரிசை முழுவதும் கடந்து போகும்வரை துவட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மேலே ஏறியதும் பனி நமக்குக் கீழே போய்விட்டது. ஏரி தெரிந்தது. ஏரி என்று சொல்லத்தான் வார்த்தை இருக்கிறது, ஆனால் வானம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு படகு நடுவில் நின்றது. தண்ணீரில் நின்றதா ஆகாயத்தில் நின்றதா என்றால், எனக்குச் சொல்லத் தெரியாது. "அம்மா, பாரேன்" என்று வாய் வரை வந்தது. உட்காருவேன், அவ்வளவுதான் என்று நீ எழுதியது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் நீ பழைய டீச்சரம்மா ஆகிவிட்டாய். பல் டாக்டர் கியர் மாற்றுகிற விதத்தைப் பார்த்துவிட்டு, "பல்லைப் பிடுங்குற மாதிரி புடுங்காதீங்க டாக்டர்" என்றாயே, அவர் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ரொட்டி தீர்வதற்குள் மூன்று பேர் உன் முன்னால் சந்தேகம் கேட்க நின்றார்கள்.

ஆள் மாறுகிற மணி அடித்தது. ஒப்பந்தப்படி என் சீட்டுக்கே போகக் கிளம்பினேன். நீ வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாய். யாரையும் பார்க்கவில்லை. நான் மூச்சுகூட விடாமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். முதல் நாள்வரை தொடர்ந்து ராத்திரி வேலை. எப்போது தூங்கிப்போனேன் என்றே தெரியாது. முழித்தபோது நடுச் சாலையில் நின்றுகொண்டிருந்தோம். "கிளட்ச் சூடாயிடுச்சு" என்றாய்.

நீ ஓட்டியதை நான் பார்க்கவில்லையே! வழியில் என்னென்ன இருந்தது? எழுது அம்மா.

உன்,
பம்பரம்

அக்டோபர் 11

அன்புள்ள பம்பரத்துக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். முதுகும் சுகம். ஏரியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். கண்ணைத் திறந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உன் வண்டியில் இரண்டாவது கியர் சொன்ன பேச்சு கேட்காது. அதட்டினால் விழாது, கொஞ்சினால்தான் விழும். அதைத் தெரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. கை தானாக வேலை செய்தது. எனக்கே ஆச்சரியம்.

சாலை இறங்கி ஒரு பள்ளத்தாக்குக்குள் போனது. இரண்டு பக்கத்து மரங்களும் மேலே கை கோத்திருந்தன. உள்ளே பச்சையாக ஒரு இருட்டு, ஓடைக்குள் ஓட்டுகிற மாதிரி. சாலை ஓரத்தில் ஒருவன் தனியாக ஒரு நீலக் கதவுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். சுவர் இல்லை, வீடு இல்லை, கதவு மட்டும் ஒரு மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. வழி விடுகிறவன் மாதிரி பிரஷ்ஷை உயர்த்திக் காட்டினான். ஒரு குதிரையும் குட்டியும் கொஞ்ச தூரம் நம்மோடு கூடவே நடந்து வந்தன. நம் வேகத்துக்கு அவற்றுக்கு ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உன்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ "ம்" கொட்டிக்கொண்டு வந்தாய். அப்புறம் கொட்டவில்லை.

அங்கேதான் வண்டியை நிறுத்தினேன். கிளட்ச்சிலிருந்து வாசனை வந்தது.

நான் நின்றதும் பின்னால் எல்லா வண்டியும் நின்றது. ஒரு ஹாரன் இல்லை. பல் டாக்டர் நடந்து வந்து ஜன்னலில் குனிந்தார். "என்னம்மா?" என்றார். "பையன் தூங்குறான்" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் ஒவ்வொரு வண்டியிடமும் கையைக் காட்டினார். ஒவ்வொரு எஞ்சினாக நின்றது. கடைசி எஞ்சினும் நின்ற பிறகு ஒரு அமைதி வந்தது பார், அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பனி கீழேயிருந்து ஏறி வந்து வண்டிகளை ஒவ்வொன்றாக மூடியது. பேக்கரிக்காரர் இறங்கி ஜன்னல் ஜன்னலாக பன் கொடுத்தார். ஒருவரும் பேசவில்லை, கதவைக்கூடச் சத்தம் இல்லாமல்தான் திறந்தார்கள். எத்தனையோ பேர், எத்தனையோ அவசரம் இருந்திருக்கும். எல்லோரும் நீ எழுந்திருப்பதற்காக உட்கார்ந்திருந்தார்கள்.

நீ முழித்தாய். கிளம்பினோம். அவ்வளவுதான்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்.

அம்மா

நவம்பர் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு வேலை, மூட்டை கட்டுவது என்று ஏதாவது சொல்லலாம். பொய். உன் கடிதம் வந்த அன்றிலிருந்து ஐந்தாறு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அம்மா, நீ வண்டியை நிறுத்தியபோதே நான் முழித்துவிட்டேன்.

கண்ணைத் திறப்பதற்குள் உன் விரல் என் மூக்குக்கு அடியில் வந்தது. என்னவென்று புரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாள் முழுக்க மற்றவர்களிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்கிறவன், அந்தப் பழக்கம். அடுத்து உன் கை என் நெஞ்சின் மேல் வந்து அழுந்தியது. பல் டாக்டர் வந்து போனார். எஞ்சின்கள் நின்றன. சரி, இப்போது கண்ணைத் திறக்கலாம் என்று இருந்தேன். அப்போது நீ "ஏங்க" என்றாய். என்னை நீ ஏங்க என்று கூப்பிட மாட்டாய்.

"ஏங்க, அன்னிக்கு நான் திரும்பிப் பார்த்திருக்கணும். வண்டி கிளம்பினா உங்களுக்குத் தூக்கம் வந்துடும், எப்பவும் அப்படித்தானேன்னு விட்டுட்டேன். பள்ளிக்கூடத்தை மூடிட்டு நாம ரெண்டு பேரும் எங்கயாவது ஊர் சுத்தலாமான்னு கேட்டேன். பதில் இல்ல. எனக்குக் கோபம் வந்துடுச்சு. நீங்க பேசினாதானே நான் பேசணும்னு வாயை மூடிக்கிட்டு வீடு வரைக்கும் வந்தேன். ஓட்டறப்ப பக்கத்து ஆளைப் பார்க்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவ. ஒரு தடவை திரும்பியிருந்தா என்ன? எந்த வளைவுல போனீங்கன்னுகூட எனக்குத் தெரியாதே."

இப்படித்தான் சொன்னாய். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு மனப்பாடம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைகளை மறுபடி ஸ்டியரிங்கில் வைத்தாய். நான் கொஞ்சம் பொறுத்து, கொட்டாவி விட்டு, முழித்த மாதிரி நடித்தேன்.

எனக்கும் ஒன்று தெரியும். அப்பா போன அன்றைக்கு வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வாசல்ல இல்லப்பா, இது நடந்து நேரம் ஆயிருக்கு. அம்மாகிட்ட கேட்காதே" என்றார். மார்ச்சில் ஒரு தடவை கடிதத்தில் கேட்டதைத் தவிர நான் கேட்கவில்லை. நீ சொல்லவில்லை. மூன்று வருஷம் இப்படியே ஓடிவிட்டது. நீ தனியாக அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாய், நான் முழங்கால் வலியை விசாரித்துக் கடிதம் எழுதினேன்.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். தூக்கத்திலேயே போயிருக்கிறார், வலி தெரிந்திருக்காது என்று. அப்படியானால் அப்பா கடைசியாகக் கேட்டது உன் குரல்தான். ஊர் சுற்றலாமா என்று கேட்ட குரல். அதைவிட நல்லதாக யாருக்கு என்ன கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒட்டுக் கேட்டதற்கு மன்னித்துக்கொள். நாளை மறுநாள் மேலே போகிறேன். விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். வருகிறாயா என்று கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை. நீ வராவிட்டாலும் நான் புரிந்துகொள்வேன். ஆனால் வா.

உன் மகன்

டிசம்பர் 6

கண்ணா,

சுகமா? ஏரிக்காற்று ஒத்துக்கொள்கிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீ முழித்திருந்தது எனக்குத் தெரியும்.

மூக்கில் கை வைத்தேன், மூச்சு இல்லை. என் உயிர் அங்கேயே போய்விட்டது. நெஞ்சில் கை வைத்தால் உள்ளே தடதடவென்று ஓடுகிறது. தூங்குகிறவன் நெஞ்சு அப்படியா ஓடும்? திருட்டுப் பயலே என்று ஓங்கி ஒன்று போடலாம் என்றுதான் கையை எடுத்தேன். போடவில்லை. முழித்திருக்கிற பிள்ளை முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாளாக வாய் வரவில்லை. தூங்குகிற பிள்ளையிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற பிள்ளை இனி எப்போது கிடைக்கப்போகிறான் என்று நினைத்தேன். உன் அப்பாவிடம் சொல்கிற மாதிரி உன்னிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். அழுதது நல்லதாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வெளிச்சம் வந்ததும் கிளம்புகிறேன். பஸ் வேண்டாம், அந்த டிரைவர்கள் வளைவில் போய் பிரேக் பிடிப்பார்கள். தாடிக்காரனின் பயிற்சி வண்டியைக் கேட்டிருக்கிறேன், நானே ஓட்டி வருகிறேன். மெதுவாகத்தான் வருவேன், இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். வாசலில் வந்து நின்றுகொண்டிருக்காதே, குளிரும்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனால் இந்தத் தடவை பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு வாயை மூட மாட்டேன். உன் வீடு வரும்வரை அவரிடம் பேசிக்கொண்டேதான் வருவேன். பயிற்சி வண்டியில் அந்த சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. தாங்க முடியவில்லை என்றால் மிதித்து நிறுத்தட்டும்.

அம்மா